பச்சையம்மனும் பான் தெய்வமும்

மேனாட்டு மறைஞான மரபில் இயற்கைத் தெய்வங்கள் எவ்வாறு குறியீடுகளாக மாறின என்பதையும், அந்த மாற்றத்திலிருந்து நாம் தெரிந்துகொள்ளத் தக்கது யாது என்பதையும் பற்றி இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். மறைஞானம் என்றவுடன் சிலருக்கு மாயமந்திரமும் பேயோட்டுதலுமே நினைவுக்கு வரும். நான் குறிப்பிடுவது அவற்றை அன்று. தேவாலயமும் பல்கலைக்கழகமும் வெளிப்படையாகக் கற்பிக்காத சில கருத்துக்களைச் சிறு குழுக்களாகக் கூடி, உருவங்கள், எண்கள், நிறங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு ஐரோப்பியர் பயின்றுவந்த மரபு ஒன்று உண்டு. அதில் பெரும் கல்வியாளரும் இருந்தனர், போலிகளும் இருந்தனர். அம்மரபை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையே இருந்த உறவு எப்படி மாறியது என்பதை அறிய அது ஒரு நல்ல சான்று.

நான் ஆரணியை அடுத்த களம்பூரைச் சேர்ந்தவன். ரயிலில் வருவோர் ‘ஆரணி ரோடு’ என்ற பலகையைக் கண்டு இறங்கும் நிலையம் எங்கள் ஊரிலேதான் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே களம் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல்களும் அரிசி ஆலைகளும். ஆரணிப் பக்கம் போனால் பட்டுத்தறியின் ஓசை. இத்தகைய ஊர்க்காரனுக்குப் பிரான்சு நாட்டு மறைஞானி வரைந்த ஆட்டுத்தலை உருவத்தோடு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்து ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் பூசை பெறும் தெய்வங்களை அவ்வுருவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் இயல்பும் தெளிவாகத் தெரிகிறது. அதனாலேயே இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பான் என்னும் கிரேக்கத் தெய்வத்தைப் பார்ப்போம். பான், ஆர்க்கேடியா என்ற மலைநாட்டின் இடையர் தெய்வம். இடுப்புக்கு மேல் மனிதன், கீழே ஆட்டின் கால்கள், தலையில் கொம்புகள், கையில் நாணற்குழல். நண்பகலில் அவன் உறங்கும் நேரத்தில் எந்த இடையனும் குழல் ஊதமாட்டான். காரணமின்றி மந்தை சிதறி ஓடினால் அது பானின் வேலை என்பார்கள். ‘பானிக்’ என்று ஆங்கிலத்தில் திடீர்ப் பீதிக்கு வழங்கும் சொல் அவன் பெயரிலிருந்து பிறந்ததே. அவனுக்கு ஒரு நாடு இருந்தது. அந்நாட்டில் அவனுக்கென்று குகைகள் இருந்தன. அவனை அஞ்சி நடக்கவேண்டிய வேளைகளும் இருந்தன. நம் ஐயனாரும் முனியும் உச்சிப்பொழுதில் உலாவுவதாக நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டவர்களுக்குப் பான் அந்நியன் அல்லன்.

இந்தப் பான் இறந்துவிட்டான் என்று ஒரு செய்தி பரவிய கதையைப் புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில், பாக்ஸி தீவுகளின் அருகே காற்றின்றி நின்ற கப்பல் ஒன்றை நோக்கி, கரையிலிருந்து ஒரு குரல் எழுந்ததாம். தாமுஸ் என்ற எகிப்தியனான மாலுமியை அது பெயர் சொல்லி அழைத்தது. பலோடீஸ் என்னும் இடத்தை அடைந்ததும், மாபெரும் பான் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும்படி பணித்தது. அவ்வாறே அவன் அறிவித்தபோது, கரையில் ஒருவர் அன்றிப் பலர் ஒருங்கே அழுவது போன்ற ஒலி கேட்டதாம். தாமுஸ் என்ற பெயர் உடைய மேற்காசியத் தெய்வம் ஒன்றுக்காக ஆண்டுதோறும் எழும் ஒப்பாரியையே மாலுமி தன் பெயராகக் கருதிவிட்டான் என்று பிற்கால அறிஞர் சிலர் விளக்கினர். கிறிஸ்தவ ஆசிரியர்களோ பழைய தெய்வங்களின் ஆட்சி முடிந்ததற்கு இதுவே அறிகுறி என்றனர். எப்படியாயினும், ஐரோப்பியர் நெஞ்சில் இக்கதை ஆழப் பதிந்துவிட்டது.

கதை ஒருபுறம் இருக்க, வரலாறு என்ன செய்தது? எட்டாம் நூற்றாண்டில் போனிபேஸ் என்ற துறவி செர்மானியரின் இடித்தெய்வத்துக்கு உரிய பெரிய ஓக் மரத்தை வெட்டி வீழ்த்தி, அதன் பலகைகளைக் கொண்டே ஒரு சிறு தேவாலயத்தை எழுப்பினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக இவ்வாறு தோப்புகள் அழிந்தன. தெய்வத்துக்கு இருந்த இடம் போயிற்று. இடம் போன பின்னரும் உருவம் மட்டும் மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. இடைக்காலத்துத் தேவாலயத் தூண்களில் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் இலைகள் கிளைத்து வரும் முகங்களைச் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். 1939இல் ராக்லன் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண்மணி ஒரு கட்டுரை எழுதி அவற்றுக்குப் ‘பச்சை மனிதன்’ என்று பெயர் சூட்டினார். இன்று அவனைப் பழைய காட்டுத் தெய்வம் என்று பலர் கொண்டாடுகின்றனர். முகத்துக்கு வயது பல நூறு ஆண்டு. பெயருக்கு வயது நூறு ஆண்டுகூட நிறையவில்லை.

இடத்தை இழந்த தெய்வம் ஏட்டில் புகுந்தது. அதன் பின்னர் அதற்குப் பொருள் சொல்லும் வேலை தொடங்கிற்று. 1609இல் பிரான்சிஸ் பேக்கன் என்ற அறிஞர் பண்டைப் புராணங்களுக்கு உட்பொருள் கூறும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் பான் என்பவன் உலகம் முழுவதையும் குறிப்பவன் என்றார். அடியில் அகன்று நுனியில் கூர்ந்த கொம்புகள், பலவாகிய பொருள்கள் மேலே செல்லச்செல்ல ஒன்றில் அடங்குவதைக் காட்டுகின்றன. உடலின் உரோமம் பொருள்களிலிருந்து புறப்படும் கதிர்களைக் காட்டுகிறது. ஏழு நாணல்களை இணைத்த குழல் ஏழு கோள்களின் இசைவைக் காட்டுகிறது. நயமான விளக்கந்தான். ஆனால் அந்த விளக்கத்தைப் படித்தவர் எவரும் நண்பகலில் குழல் ஊத அஞ்சவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேக்கனுக்கு முன்பே பாரசெல்சஸ் என்ற மருத்துவர் நான்கு பூதங்களில் வாழும் நான்கு வகை உயிர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர் 1541இல் மறைந்தார். அந்நூல் 1566இல் அச்சாயிற்று. நிலத்தில் குள்ள உருவினர், நீரில் நீரணங்குகள், காற்றில் ஒரு வகையினர், தீயில் ஒரு வகையினர். இவர்களுக்கு உடலும் அறிவும் உண்டு. ஆன்மா மட்டும் இல்லை. நீரணங்கு ஒருத்தி மனிதனை மணந்துகொண்டால் அவளுக்கு ஆன்மா கிடைக்கும் என்கிறார். இக்கருத்து சற்று நின்று நோக்கத் தக்கது. அங்கே நீருக்கு உயர்வு மனிதனால் வருகிறது. நம் நாட்டிலோ மனிதன் ஆற்றில் மூழ்கித் தன் குறை தீர்த்துக்கொள்கிறான். ஆறு மனிதனை நாடி வருவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு மறைஞானம் புத்துயிர் பெற்றது. எலிபாஸ் லெவி என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1856இல் முற்றுப்பெற்ற தம் பெருநூலில் ஓர் உருவத்தை வரைந்து காட்டினார். ஆட்டின் தலை, கொம்புகளுக்கு நடுவே எரியும் தீப்பந்தம், நெற்றியில் ஐம்முனை விண்மீன், பெண்ணின் மார்பு, முதுகில் சிறகு, கீழே குளம்பு. ஒரு கை மேலே காட்டும். ஒரு கை கீழே காட்டும். பார்த்தவர்கள் அதைச் சாத்தானின் படம் என்றார்கள். ஆணும் பெண்ணும், விலங்கும் மனிதனும், மேலும் கீழும் ஒன்றையொன்று நிறைசெய்து நிற்கும் சமநிலையின் குறியீடே அது என்று லெவி எழுதினார். உருவத்தில் பானின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மாதொருபாகனை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. அதை வரைய அவர்கள் பட்ட பாடுதான் புதிது.

இனிக் கதை நம் நாட்டுக்கு வருகிறது. 1875இல் நியூயார்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிறரும் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882 இறுதியில் சென்னை அடையாற்றில் தன் தலைமை இடத்தை அமைத்துக்கொண்டது. மேனாட்டு மறைஞானமும் கீழ்நாட்டுத் தத்துவமும் ஆற்றின் முகத்துவாரத்தில் கலந்த இடம் அது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்த லெட்பீட்டர் என்பவர் 1913இல் வெளியிட்ட நூலில், மரங்களிலும் மலைகளிலும் உறையும் இயற்கை ஆவிகளைப் பற்றியும், நம்மிடமிருந்து பெற்ற ‘தேவர்’ என்ற சொல்லால் குறித்த உயர்ந்த உயிர்களைப் பற்றியும் விரிவாக எழுதினார்.

அடையாற்றுப் பத்திரிகையில் ராமப் பிரசாத் என்ற வட இந்தியர் ஐம்பூதத் தத்துவங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். பின்னர் அவை நூலாகி லண்டனுக்குச் சென்றன. 1888இல் லண்டனில் தோன்றிய ‘பொன் விடியல்’ என்னும் மறைஞானக் கழகத்தார் அந்தத் தத்துவ வடிவங்களைத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டனர். நிலத்துக்கு மஞ்சள் சதுரம். நீருக்கு வெள்ளிப் பிறை. தீக்குச் சிவந்த முக்கோணம். காற்றுக்கு நீல வட்டம். ஆகாயத்துக்குக் கருமையான முட்டை வடிவம். அட்டையில் எழுதிய இவ்வடிவங்களை உற்றுநோக்கி, கண்ணை மூடி, அவ்வடிவத்தை வாயிலாகக் கொண்டு உள்ளே செல்வதாகப் பாவனை செய்வது அவர்கள் பயிற்சி.

நம்மவருக்கு இது வியப்பளிக்கலாகாது. பதினான்கு சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய ‘உண்மை விளக்க’த்தில், மெய்கண்டாரின் மாணவராகிய திருவதிகை மனவாசகங்கடந்தார் இதே பூதங்களுக்கு வடிவமும் நிறமும் வகுத்திருக்கிறார். அங்கும் நிலம் நாற்கோணம், பொன்னிறம். நீர் பாதிமதி, வெண்மை. தீ முக்கோணம், செம்மை. காற்றுக்கு மட்டும் அறுகோணமும் கருமையும், ஆகாயத்துக்கு வட்டமும் புகைநிறமும். முதல் மூன்று வடிவங்களும் லண்டன் அட்டையோடு அப்படியே பொருந்துகின்றன. ஆனால் சித்தாந்தத்தில் ஐம்பூதம் முப்பத்தாறு தத்துவங்களின் அடிப்படி. அந்தப் படியில் காலை வைத்து மேலே ஏறி, உயிரையும் இறைவனையும் அறிவதே நோக்கம். லண்டன் கழகத்தாருக்கு அந்தப் படியே ஒரு மாளிகையாகிவிட்டது.

இக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் பென்னட் என்பவர் 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தார். கொழும்பில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர்களுள் ஒருவராக விளங்கிய சைவத் தமிழர் பொன்னம்பலம் இராமநாதனின் மக்களுக்கு ஆசிரியராக இருந்துகொண்டு, அவரிடமே யோகம் பயின்றார். மறு ஆண்டில் பென்னட்டைத் தேடி வந்தவர், பின்னாளில் பானைத் துதித்துப் பாடல் எழுதிப் பெயரும் பழியும் பெற்ற அலெய்ஸ்டர் குரோலி. பென்னட் பர்மா சென்று புத்த பிக்குவானார். குரோலி தம் வழியே போனார். ஒரே நெறியைச் சேர்ந்த இருவருள் ஒருவர் குறியீடுகளைக் கடந்து துறவை நாடினார். மற்றவர் குறியீடுகளைப் பெருக்கிக்கொண்டே போனார்.

இதற்கு அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 1900இல் இளைஞராக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பின்னர் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்திலும் சுங்கத் துறையிலும் பணியாற்றி, 1936இல் ஓய்வுபெற்றவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. 1954இல் அவர் எழுதிய நூல், கொம்புடைய தெய்வத்தையும் அன்னைத் தெய்வத்தையும் வழிபடும் ஒரு பழஞ்சமயம் இங்கிலாந்தில் மறைவாக வாழ்ந்து வந்ததாகக் கூறியது. 1921இல் மார்கரெட் மரே அம்மையார் வெளியிட்ட ஆராய்ச்சி அக்கூற்றுக்கு அடிப்படை. சூனியக்காரர் எனக் குற்றம் சாட்டி ஐரோப்பாவில் கொல்லப்பட்ட நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரையிலான மக்கள், உண்மையில் அப்பழஞ்சமயத்தின் அடியார்கள் என்பது மரேயின் வாதம். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1999இல் ரொனால்ட் ஹட்டன் எழுதிய விரிவான நூல், இச்சமயம் இருபதாம் நூற்றாண்டில் பழைய ஏடுகளையும் கவிதைகளையும் மறைஞானச் சடங்குகளையும் கொண்டு புதிதாக உருவானது என்பதைக் காட்டியது.

அதனால் அவர்களை ஏளனம் செய்வது தகாது என்பது என் கருத்து. ஆலைப் புகை மண்டிய நகரங்களில் வாழ்ந்த மக்கள், தம் முன்னோர் தொழுத மரத்தையும் ஊற்றையும் நாடி ஏங்கினார்கள். தோப்பு இல்லை, ஏடு மட்டும் இருந்தது. ஏட்டில் இருந்த உருவத்தைக் கொண்டு தோப்பை மீண்டும் படைக்க முயன்றார்கள். அந்த ஏக்கம் உண்மையானது.

இப்பொழுது எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். ஜவ்வாது மலைச்சாரலில் பிறந்து ஆரணி வழியாக ஓடுவது கமண்டல நாகநதி. ஜமதக்கினி முனிவரின் கமண்டலம் கவிழ்ந்து பிறந்த ஆறு என்பார்கள். முருகன் வேலால் பிறந்தது செய்யாறு. சேய் தந்த ஆறு. சிவபெருமானின் பாதி உடலைப் பெறத் தவமிருக்கச் சென்ற அம்பிகை, வழியில் வாழையால் பந்தல் இட்டு, மணலால் இலிங்கம் பிடிக்க முயன்றாள். மணல் நிற்கவில்லை; நீர் வேண்டும். பிள்ளைகள் இருவரையும் நீர் கொண்டுவரச் சொன்னாள். அவர்கள் வரத் தாமதமாகவே தானே ஓர் ஊற்றைத் தோண்டினாள். பின்னர் இரண்டு ஆறுகளும் வந்து சேர, மூன்று நீரும் கூடிய இடம் முக்கூட்டு ஆயிற்று. அவள் வாழைப்பந்தலிலும் முனுகப்பட்டிலும் பச்சையம்மனாக வீற்றிருக்கிறாள். அவள் கோயிலின் வெளியே வாழ்முனி, செம்முனி முதலியோர் மாபெரும் சுதை உருவங்களாக வாள் ஏந்தி அமர்ந்து காவல் செய்கிறார்கள்.

இதே மலைச்சாரலில் படவேட்டில் ரேணுகாம்பாள் இருக்கிறாள். ஜமதக்கினியின் மனைவியாகிய ரேணுகை நாள்தோறும் ஆற்றுமணலிலேயே குடம் வனைந்து நீர் எடுத்து வருவாள். ஒருநாள் வானில் சென்ற கந்தருவனின் நிழலை நீரில் கண்டு மனம் சற்றே சலித்தாள், மணற்குடம் கூடவில்லை. கணவன் ஆணையால் மகன் பரசுராமன் அவள் தலையை வெட்டினான். பின்னர் வரம் வேண்டித் தாயை மீட்டான். தலை ஒருத்தியுடையதாகவும் உடல் வேறொருத்தியுடையதாகவும் கூடிப்போயிற்று என்றும், அவளே மாரி என்றும் நாட்டுக்கதை சொல்லும்.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். அம்பிகை மணலால் இலிங்கம் செய்ய முயல்கிறாள். ரேணுகை மணலால் குடம் செய்கிறாள். ஆண்டில் சில மாதங்களே நீர் ஓடி, மற்ற நாட்களில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறுகள் எங்களுடையவை. ஈரம் இருக்கும்வரைதான் மணல் ஓர் உருவத்தைத் தாங்கும். ஈரம் போனால் உதிர்ந்துவிடும். வேறு எந்த நாட்டு ஏட்டிலிருந்தும் இக்கதைகளை எடுத்திருக்க முடியாது. இந்த ஆற்றில் இறங்கிக் கையால் மணலைத் தொட்டவர்களின் கதைகள் இவை. மேனாட்டார் குறியீடு என்று எதைக் கூறுகிறார்களோ, அது இங்கே மண்ணிலேயே கிடக்கிறது.

மேனாட்டு மறைஞானத்தின் தெய்வங்களுக்கும் இத்தெய்வங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வகையாக நான் காண்கிறேன். ஒன்று, இடம். லெவியின் ஆட்டுத்தலை உருவத்தைப் பாரிசிலும் பார்க்கலாம், பாண்டிச்சேரியிலும் பார்க்கலாம், பொருள் மாறாது. முக்கூட்டுப் பச்சையம்மனை வேறோர் ஊருக்கு எழுந்தருளச் செய்யலாம். அங்கும் அவளுக்கென்று ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் வேண்டும். இரண்டு, கடமை. குறியீட்டுக்குப் பொருள் அறிந்தால் போதும். ஏரிக்கரைக் கன்னிமார் எழுவருக்கோ மழை பெய்து ஏரி நிரம்பினால் பொங்கல் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் ஊர் கேட்கும். மூன்று, தடை. கோயிற்காட்டில் விறகு ஒடிக்கலாகாது. இன்ன இடத்தில் செருப்போடு நடக்கலாகாது. அறிஞர் பலர் இத்தடைகளை மூடநம்பிக்கை என்றனர். ஆனால் விழுப்புரம் மாவட்டத்துப் புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காட்டைப் போய்ப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் முற்காலத்தில் பரவியிருந்து இன்று பெரும்பாலும் மறைந்துவிட்ட, வறட்சியிலும் பசுமை மாறாத காட்டின் எச்சம் அது. தாவரவியலார் அங்கு வந்து செடிகொடிகளைப் பட்டியல் இடுகிறார்கள். சட்டப் புத்தகங்கள் பிறப்பதற்கு முன் அக்காட்டைக் காத்தது ஐயனார் மீதிருந்த அச்சமே.

ஆகவே நாம் உயர்ந்தவர், அவர்கள் தாழ்ந்தவர் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம் பிறக்கிறது. ஐரோப்பாவில் முதலில் தோப்பு போயிற்று. தெய்வம் ஏட்டில் புகுந்தது. நம்மிடம் தெய்வம் போகவில்லை. கோயில்கள் முன்னிலும் பெரியவையாக எழுகின்றன. சுதை முனிகளுக்குப் புது வண்ணம் தீட்டப்படுகிறது. ஆனால் கன்னிமார் கற்களைச் சுற்றியிருந்த மரங்களுக்குப் பதில் தகரக் கொட்டகையும் சிமிட்டித் தரையும் வந்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். ஏரிக்குள் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. பாலாற்றிலும் அதன் கிளையாறுகளிலும் மணல் வண்டி வண்டியாகப் போன செய்தியை நாளேடுகளில் ஆண்டாண்டாகப் படித்திருக்கிறோம். அம்மனுக்குப் பச்சைப் பட்டு உடுத்துகிறோம். அவள் பச்சை எதைக் குறித்ததோ அது குறைந்துகொண்டே வருகிறது. தெய்வம் குறியீடாக மாறுவதற்கு மதமாற்றம் வேண்டியதில்லை; அது குறிக்கும் பொருள் இல்லாமற்போனால் போதும். ஈரமும் மணலும் இல்லாத ஆற்றில் ரேணுகை எதைக்கொண்டு குடம் வனைவாள்?

எங்கள் பகுதி நெசவாளர் அறிந்த ஓர் உண்மை இதை விளக்கும். சேலையில் நம் கண்ணுக்குத் தெரிவது மாங்காய்ப் புட்டாவும் மயிலும் கோபுரக் கரையும். வாங்குபவர் அவற்றின் அழகைப் பார்க்கிறார். நெய்பவரோ முதலில் பாவைப் பார்ப்பார். பாவு நைந்திருந்தால் எத்தனை சரிகையை ஊடையில் செலுத்தினாலும் புட்டா நிற்காது. தெய்வ உருவங்கள் புட்டாவைப் போன்றவை. அவற்றைத் தாங்கும் பாவு ஆறும் ஏரியும் மரமும் அவற்றுக்காக மனிதர் ஏற்றுக்கொண்ட கடமையும் ஆகும். மேனாட்டு மறைஞானிகள் அறுந்த பாவிலிருந்து விழுந்த புட்டாக்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இன்னும் பாவு முற்றும் அறுந்துவிடவில்லை.

அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பரந்து விரிந்த பழைய ஆலமரம் ஒன்று உண்டு. 1989இல் அடித்த புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஆயினும் மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விழுதுகள் தரையைத் தொட்டு வேரூன்றியிருந்தமையால் அவை பிழைத்தன. தரையைத் தொடாமல் தொங்கிய விழுது தாய்மரத்தோடு போயிருக்கும்.

எனவே நேயர்களிடம் நான் வேண்டுவது பெரிய செயல் எதுவும் அன்று. உங்கள் ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்ய நாள் குறிக்கும்போது, அக்கோயிலின் குளத்தைத் தூர்வாரவும் ஒரு நாளைக் குறியுங்கள். கன்னிமார் கோயிலுக்குக் கூரை போடுவதற்கு முன், பக்கத்தில் ஒரு வேம்போ புங்கோ நட்டு, அது வளரும்வரை நீர் ஊற்ற ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குங்கள். ஏரி நிரம்பினால் பொங்கல் வைக்கும் வழக்கம் விட்டுப்போயிருந்தால், வரத்துக் கால்வாயைச் செப்பனிட்டுவிட்டு அதைத் திரும்பத் தொடங்குங்கள். பானுக்காக அழுதவர்கள் கரையில் நின்று அழுவதைத் தவிர வேறு செய்வதற்கு வழியில்லாதவர்கள். எங்கள் கமண்டல நதியின் கரையில் நிற்பவர்களுக்கு இன்னும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது.